உமிச்சாம்பல் ஃபுளூரைடைப் பிடிக்குமா?

கீழ்வேளூர்ப் பக்கம் உமிக்குப் பஞ்சமே கிடையாது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அதை அரிசி ஆலைகளிலேயே கொதிகலனில் போட்டு எரித்து நெல்லை அவிக்கிறார்கள். எரிந்து மிஞ்சும் சாம்பல், உமியின் எடையில் மறுபடியும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது ஆலைக்காரர்களுக்கு ஓயாத தலைவலி. எனவே அறிவியல் கண்காட்சிக்கான சுற்றறிக்கை வந்தவுடன் எங்கள் பிள்ளைகளின் கண் உமியின் மேல் விழுவதில் வியப்பில்லை.

கண்காட்சிகளில் அடிக்கடி காணும் மாதிரி ஒன்று உண்டு. அடிப்பக்கம் வெட்டிய தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகக் கட்டி, அதில் கூழாங்கல், மணல், கரி, உமிச்சாம்பல் என்று அடுக்கியிருப்பார்கள். மேலே செம்மண் கலந்த நீரை ஊற்றினால் கீழே தெளிந்த நீர் சொட்டும். பக்கத்தில் உள்ள அட்டையில் ‘வேளாண் கழிவால் குடிநீரிலுள்ள ஃபுளூரைடை நீக்குதல்’ என்று எழுதியிருக்கும். பார்ப்பவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள்.

என்னால் அப்படிப் போக முடிவதில்லை. பொது மாறுதலில் இந்த ஊருக்கு வரும் முன் ஆறு ஆண்டுகள் தருமபுரி மாவட்டத்தில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். அங்கே வகுப்புப் புகைப்படம் எடுக்கும்போது பாதிப் பிள்ளைகள் உதட்டைத் திறக்கமாட்டார்கள். சிரிப்பு வந்தால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பல்லில் முதலில் சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுகள், பிறகு மஞ்சள், பிறகு பழுப்புக் கோடுகள். செங்கல் தூள், உமிக்கரி என்று தேய்க்காத பொருள் இல்லை என்பாள் ஒரு மாணவி. தேய்த்துப் பயனில்லை. நிரந்தரப் பற்களின் எனாமல், பல் வெளியே முளைப்பதற்கு முன்பே தாடைக்குள் உருவாகிறது. ஏறத்தாழ எட்டு வயது வரை குடித்த தண்ணீரின் கணக்கு அதற்குள் எழுதப்பட்டுவிடுகிறது. வகுப்பில் வாய் பொத்திய பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் சிலரைக் குனிந்த முதுகோடும் மடங்காத முழங்காலோடும் பார்த்திருக்கிறேன். அது வெறும் முதுமை என்றே ஊரில் பலர் நினைத்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தபின், ‘ஃபுளூரைடை நீக்கிவிட்டோம்’ என்று ஒரு குழந்தை எழுதினால் அது உண்மையா என்று பார்க்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

பாறையில் இருந்து வருவது

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அறிவியல் முறையில் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர்ப் பகுதி உழவர்கள் தங்கள் மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமல் போவதைக் கவனித்திருந்தார்கள். மனிதர்களிடமும் அதே பாதிப்பு இருப்பதையும், காரணம் கிணற்று நீரிலுள்ள ஃபுளூரைடு என்பதையும் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் வெளியிட்டார்கள். கிண்டியிலுள்ள கிங் நிலையத்தைச் சார்ந்து நடந்த ஆய்வு அது. நம் பாடநூலில் ஃபுளூரோசிஸ் ஒரு வரியில் வந்துபோகும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லலாம்.

உலக நல நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஃபுளூரைடு இருக்கலாம் என்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரமே இல்லாத நிலையில் மட்டும் 1.5 வரை அனுமதி. இதைத் தாண்டினால் பல் பாதிக்கும். 3 முதல் 6 வரை இருக்கும் நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பில் பாதிப்பு தெரியத் தொடங்கும். 10ஐத் தாண்டினால் முடமாக்கிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஏன் அதிகம்? அங்கே நிலத்தடியில் இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறைகளில் ஃபுளூரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீர், பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி அவற்றைக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் மிகுதியாக இருந்தால் கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து பைகார்பனேட்டு மிகுந்த நீரில் அது கரைந்தபடியே நிற்கும். கீழ்வேளூர் நிற்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேல். இங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவர்கள் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பது உப்பைத்தான்.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அப்ப நம்ம ஊருல சாம்பல் இருக்கு, அவங்க ஊருல ஃபுளூரைடு இருக்கு. நாம செஞ்சு அனுப்பலாமே டீச்சர்?”

கண்காட்சிக்கு மட்டும் என்றால் நான் சரி என்றிருப்பேன். யாரோ ஒருவர் குடிக்கப்போகும் தண்ணீர் என்றதும் கேள்வியின் எடை கூடிவிட்டது. அனுப்பலாமா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பருவம் முழுக்கச் செலவானது.

கலங்கல் வேறு, கரைந்தது வேறு

டெல்டாப் பிள்ளைகளுக்குத் தேற்றான்கொட்டை தெரியும். ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது பானையின் உட்புறத்தில் அதை உரசிவிட்டால் கலங்கல் அடியில் போய்விடும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பார்கள். படிகாரம் போடுவதும் தெரியும். ஆனால் ஃபுளூரைடு கலங்கல் ஆகாது. அது சர்க்கரை போல, உப்பு போலக் கரைந்துகிடக்கும் எதிர்மின் அயனி. நிறமில்லை, மணமில்லை, நாம் பேசும் அளவுகளில் சுவையும் இல்லை. மணலும் கூழாங்கல்லும் அதைத் தொடக்கூட முடியாது. காய்ச்சினால் போகுமா என்று கேட்பார்கள். நீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடு பாத்திரத்திலேயே இருக்கும், செறிவு கூடும். இந்த ஒன்றை மட்டும் பெற்றோர் கூட்டத்தில் சொன்னாலும் பயன்தான்.

அப்படியானால் உமிச்சாம்பல்? நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு சிலிக்கா. நுண்துளைகள் நிறைந்தது, புறப்பரப்பு அதிகம். பன்னிரண்டாம் வகுப்பில் பரப்பு கவர்தல் நடத்தும்போது நாம் சொல்லும் நல்ல கவரும் பொருளின் இலக்கணத்துக்குப் பொருந்தியே வருகிறது. சிக்கல் மின்சுமையில் இருக்கிறது. நடுநிலை நீரில் சிலிக்காவின் புறப்பரப்பு எதிர்மின் சுமை கொண்டது. ஃபுளூரைடும் எதிர்மின் அயனி. வாசலில் நின்று விரட்டுகிற வீட்டுக்குள் எத்தனை அறை இருந்தால் என்ன?

இங்கேதான் அலுமினியம் வருகிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடின் புறப்பரப்பு நடுநிலை நீரில் நேர்மின் சுமை கொண்டது. மேலும் அதன் மேலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியும் ஃபுளூரைடு அயனியும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே ஒன்று இறங்க, மற்றொன்று அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உமிச்சாம்பலின் மீது அலுமினியம் ஹைட்ராக்சைடைப் படியவைத்து ஃபுளூரைடு நீக்கும் ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. அவற்றில் பிடிக்கும் வேலை அலுமினியத்துடையது. சாம்பல் அதற்கு அகலமான, மலிவான உட்காருமிடம் தருகிறது. ‘உமி ஃபுளூரைடை நீக்கும்’ என்று சுருக்கிச் சொல்லும்போது தொலைந்துபோவது இந்த நடு வரிதான்.

பிற வேளாண் கழிவுகளும் ஆராயப்பட்டுள்ளன. புளியங்கொட்டையைக் கொண்டு ஃபுளூரைடு நீக்குவது பற்றி 2006இல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் எழுதியுள்ளார்கள். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் கைட்டோசானை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைப்பது. வேளாண் கழிவு இல்லைதான், ஆனால் நாகப்பட்டினம் மாவட்ட ஆசிரியர்கள் அடுத்த ஆண்டுக்கு இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நாங்கள் செய்தது

ஆலையிலிருந்து வந்த சாம்பலைச் சலித்து, கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை பலமுறை அலசினோம். கழுவாத சாம்பல் காரத்தன்மை உடையது. அது நீரின் பி.எச். அளவை ஏற்றிவிடும். 50 கிராம் சாம்பலை, 20 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தோம். மறுநாள் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வந்து, பி.எச். 7இல் நிறுத்தினோம். அதற்கு மேல் காரம் போனால் படிந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு மறுபடி கரையத் தொடங்கும். ஈரியல்பு ஆக்சைடு பற்றிப் பாடத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டார்கள். பிறகு அலசி, உலர்த்தி வைத்தோம்.

சோதனை நீர் தயாரிப்பதை மட்டும் மாணவர் கையில் கொடுக்கவில்லை. சோடியம் ஃபுளூரைடு நச்சு. 221 மில்லிகிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள கரைசல் கிடைக்கும். அதில் 40 மில்லிலிட்டரை ஒரு லிட்டராக நீர்த்தால் 4 மில்லிகிராம். கண்ணாடியைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் புட்டியில் வைக்க வேண்டும். வடிந்த நீரை யாரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே கரும்பலகையின் மூலையில் எழுதி, பருவம் முடியும்வரை அழிக்கவிடவில்லை.

நான்கு புட்டிகள் வைத்தோம். ஒன்றில் சோதனை நீர் அப்படியே. இரண்டாவது வெறும் சாம்பல் வழியாக வந்தது. மூன்றாவது அலுமினியம் பூசிய சாம்பல் வழியாக வந்தது. நான்காவது, ஃபுளூரைடே இல்லாத வாலைவடிநீரை அதே பூசிய சாம்பல் வழியாக விட்டது. கண்காட்சி மாதிரிகளில் காணாமல் போவது பெரும்பாலும் முதலிரண்டும் நான்காவதும்தான்.

அளப்பதற்கு, குடிநீர் வடிகால் வாரியம் ஊராட்சிகளுக்குக் கொடுக்கும் களப் பரிசோதனைப் பெட்டி போதும். அதிலுள்ள வினைபொருளில் சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்து இளஞ்சிவப்பாக இருக்கும். ஃபுளூரைடு வந்தால் சாயத்திடமிருந்து சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நிறம் மஞ்சளை நோக்கி நகரும். அட்டையிலுள்ள வண்ணங்களோடு ஒப்பிட வேண்டியதுதான். வெறும் சாம்பல் வழியாக வந்த நீரின் நிறம் அட்டையில் ஒரு படிகூட நகரவில்லை. பூசிய சாம்பல் வழியாக வந்தது அழகாக இளஞ்சிவப்புக்குத் திரும்பியது. ஆய்வகத்தில் கைதட்டல்.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த கேள்வியைப் போட்டேன்: “ஃபுளூரைடு போயிடுச்சா, இல்ல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கா?”

இந்த வண்ணச் சோதனையில் ஒரு பொறி உண்டு. சாம்பலிலிருந்து சிறிது அலுமினியம் நீரில் கரைந்து வந்திருந்தால், அது ஃபுளூரைடைத் தன்னோடு கட்டிவைத்துக்கொள்ளும். கட்டுண்ட ஃபுளூரைடு சிர்கோனியத்தைத் தேடிப் போகாது. நிறம் மாறாது. நீரில் ஃபுளூரைடு இருந்தும் இல்லாததுபோல் அட்டை காட்டும். குறைத்துக் காட்டும் பிழை இது. குடிநீர் விஷயத்தில் மிகவும் ஆபத்தான பக்கமும் இதுதான். அதனால் மாதிரிகளை அருகிலிருந்த ஒரு கல்லூரி வேதியியல் துறைக்கு எடுத்துப்போனோம். அங்கே ஃபுளூரைடு அயனி மின்வாய் இருந்தது. அளக்கும் முன் நீரில் ஒரு தாங்கல் கரைசலைச் சேர்த்து, அலுமினியத்தின் பிடியிலிருந்து ஃபுளூரைடை விடுவித்துவிடுகிறார்கள். நாங்கள் சரியாக அலசாமல் விட்டிருந்த முதல் தொகுதிச் சாம்பலின் வடிநீரில் மின்வாய் காட்டிய அளவு, எங்கள் வண்ண அட்டை காட்டியதைவிடத் தெளிவாகவே அதிகம். நன்றாக அலசிய தொகுதியில் இரண்டும் நெருங்கி வந்தன. நான்காவது புட்டியின் பயனும் அன்று விளங்கியது. அலுமினியம் கசிகிறதா என்று தனியே பார்க்க அதுதான் வழி. குடிநீரில் அலுமினியத்துக்கும் வரம்பு உண்டு: ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், மாற்று இல்லாவிட்டால் 0.2. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தால் அது வடிகட்டி ஆகாது.

பிறகு உண்மையான தண்ணீர். என்னுடன் முன்பு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வரும்போது ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரை இரண்டு கேன்களில் கொண்டுவந்து கொடுத்தார். ஆய்வகத்தில் தயாரித்த நீரில் அவ்வளவு நன்றாக வேலைசெய்த சாம்பல், இதில் விரைவிலேயே சோர்ந்துவிட்டது. அந்த நீரில் பைகார்பனேட்டும் இருந்தது, பி.எச். அளவும் கூடுதல். ஃபுளூரைடு உட்காரவேண்டிய இடத்துக்கு மற்ற அயனிகளும் முண்டியடிக்கின்றன. கார நிலை கூடக்கூட அலுமினியம் ஹைட்ராக்சைடின் நேர்மின் சுமையும் குறைகிறது. ‘95 விழுக்காடு நீக்கியது’ என்று எங்காவது படித்தால் எந்த நீரில் என்று கேட்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்கு அகப்படவில்லை.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு சாம்பல்?

இது எட்டாம் வகுப்புக் கணக்குதான். நீரில் 4 மில்லிகிராம் இருக்கிறது, 1க்குக் கொண்டுவர வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் எடுக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 20 லிட்டர் என்றால் 60 மில்லிகிராம். ஒரு கிராம் சாம்பல் 1 மில்லிகிராம் பிடிக்கும் என்றால் நாளைக்கு 60 கிராம், மாதத்துக்கு ஏறத்தாழ 1.8 கிலோ. பரவாயில்லை, ஒரு டப்பாவில் அடங்கும். அதே சாம்பல் 0.1 மில்லிகிராம்தான் பிடிக்கும் என்றால் மாதத்துக்கு 18 கிலோ. 500 குடும்பங்கள் உள்ள ஊருக்கு 9 டன். அதைப் பூசுவதற்கான படிகாரம், காரம், அலசும் நீர் எல்லாம் தனி. ‘கழிவு, ஆகவே இலவசம்’ என்ற சொல் இந்த இடத்தில் உதிர்ந்துவிட்டது. கணக்கை முடித்தபின் அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லை.

சுண்ணாம்பு மட்டும் போட்டால் கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடாதா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. கரைதிறன் பெருக்கத்தை 4 × 10⁻¹¹ என்று கொண்டு கணக்கிடச் சொன்னேன். படிவு போக நீரில் நிற்கும் ஃபுளூரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் என்று விடை வந்தது. நம் வரம்புக்குப் பல மடங்கு மேல். அயனிச் சமநிலைப் பாடத்துக்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

படிகாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துப் போடும் முறைதான் ‘நல்கொண்டா முறை’. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கியது. இன்றைய தெலங்கானாவிலுள்ள, ஃபுளூரோசிஸால் பெரிதும் அவதிப்பட்ட மாவட்டத்தின் பெயர் அது. கலக்கி, தெளியவிட்டு, மேல் நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சாம்பலில் நடக்கும் அதே வேதியியல்தான். அங்கும் படிகாரம் நிறையச் செலவாகும், சேறு மிஞ்சும், நீரில் சல்பேட்டு கூடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்குப் பெரிய அளவில் கிடைத்த விடை வேதியியல் வழி வரவில்லை. ஜப்பானியக் கடனுதவியோடு அமைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம், 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளூரைடு நிறைந்த கிணற்று நீருக்கு மாற்றாகக் காவிரி நீர். அதே காவிரிதான் மேட்டூர், கல்லணை தாண்டி, வெண்ணாற்றுக் கிளைகளில் பிரிந்து எங்கள் கடைமடைக்கு வருகிறது என்று வரைபடத்தில் காட்டியபோது பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை. குழாய் நீர் நின்றுபோகும் நாளில் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பும் வீடுகள் உண்டு. வீட்டளவு வடிகட்டிக்கு இடம் இருப்பது அங்கேதான். அதற்காகவாவது இந்த ஆய்வுகள் தொடர வேண்டும் என்பது என் எண்ணம்.

பருவ முடிவில் எங்கள் மேசையில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ பயன்படுத்திய சாம்பல் இருந்தது. அதைப் பள்ளித் தோட்டத்தில் உரமாகப் போடலாம் என்றார்கள். பிடித்துவைத்த ஃபுளூரைடு அதற்குள்தான் இருக்கிறது. காரத்தன்மை உள்ள நீர் பட்டால் இறங்கிவிடும். கவரும் பொருளைக் கழுவிப் புதுப்பிப்பதே சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டுதான். கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டினால், எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்ததாகிவிடும். இப்போதைக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, ‘ஃபுளூரைடு உள்ளது, கொட்டாதே’ என்று எழுதி ஆய்வக அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறோம். இந்த ஆண்டுக் குழு எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு அந்த வாளிதான். சிமெண்டில் கலந்து சிறு கட்டிகளாக வார்த்து, நீரில் ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை அந்த நீரை அளந்து வருகிறார்கள்.